இறக்கிய பிக்கப்புக்கு ஏர் சஸ்பென்ஷன்: பின்னால் பலூன், முன்னால் டார்ஷன் பார்

முன்பக்கம் டார்ஷன் பார் (முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி), பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (பட்டை அடுக்கு ஸ்பிரிங்), அதுவும் ஏற்கெனவே உயரம் குறைத்து இறக்கிய வண்டி. இதற்கு ஏர் சஸ்பென்ஷன் போடலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான்: பின்பக்கம் தாராளமாகப் போடுங்கள். முன்பக்கம் டார்ஷன் பாரை மொத்தமாகக் கழற்றிவிட்டு முழுக்கக் காற்றுக்கு மாறத் தயாராக இருந்தால் மட்டும் கை வையுங்கள். பாதி பார், பாதி காற்று என்று நடுவில் நிற்பது வேண்டாம். ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த நீண்ட விமர்சனம். என் வண்டியில் பின்பக்க ஹெல்பர் பலூன் கிட் (லீஃப் ஸ்பிரிங்குக்குத் துணையாகத் தாங்கும் காற்றடைத்த ரப்பர் பலூன்கள்) ஓடுகிறது. நண்பர் ஒருவரின் வண்டியில் முன்பக்கமும் பலூன். அதையும் நிறைய ஓட்டியிருக்கிறேன்.

என் வண்டி பழைய நடுத்தர அளவு பிக்கப், பின்சக்கர ஓட்டம். பழைய ஹைலக்ஸ், நிசான் ஹார்ட்பாடி, மாஸ்டா பி-சீரிஸ், டாடா செனான் வைத்திருப்பவர்களுக்கு அடியில் குனிந்து பார்த்தால் கிட்டத்தட்ட இதே அமைப்புதான் தெரியும். முன்பக்கத்தை டிராப் ஸ்பிண்டில் (சக்கரம் மாட்டும் அச்சை மேலே தள்ளி வைத்த பாகம்) போட்டும் பாரின் போல்ட்டைத் தளர்த்தியும் இறக்கியிருந்தேன். பின்பக்கம் ஃப்ளிப்: லீஃப் ஸ்பிரிங்குக்குக் கீழே இருந்த ஆக்சிலை மேலே கொண்டுவந்தது. ஆக்சில் குழாயின் தடிமனும் பிளேட் செட்டின் (லீஃப் ஸ்பிரிங்கின் பட்டை அடுக்கு) தடிமனும் சேர்ந்து ஐந்து அங்குலம் போல இறங்கிவிடும். காலியாக ஓடும்போது அழகு. ஆனால் இந்த வண்டியில் நான் மோட்டார் சைக்கிள் ஏற்றுகிறேன், கூடவே எஞ்சின் ஸ்டாண்டு, டூல் பெட்டி, சில நாள் தேக்குப் பலகை. சுமை ஏறினால் ஆக்சில் போய் சேசிஸில் இடிக்கும். வேகத்தடையில் அந்த இடி முதுகுத்தண்டு வரை ஏறும். வண்டியை மறுபடி தூக்கிவிட எனக்கு மனமில்லை. சுமை ஏறும்போது மட்டும் பின்பக்கம் தாங்க வேண்டும், இறக்கியதும் பழைய உயரத்துக்கு வர வேண்டும். அந்த வேலைக்குக் காற்றைத் தவிர ஒழுங்கான வழி கிடையாது.

டார்ஷன் பாரைப் பற்றி ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சேசிஸை ஒட்டி நீளவாக்கில் ஓடும் அந்த உருட்டுக் கம்பியின் ஒரு முனை, சக்கரத்தோடு ஏறி இறங்கும் கன்ட்ரோல் ஆர்மில் பிடித்திருக்கும். சில வண்டிகளில் அது கீழ் ஆர்ம், சிலவற்றில் மேல் ஆர்ம். மறுமுனை கிராஸ்மெம்பரில் (சேசிஸின் குறுக்குச் சட்டம்) உள்ள கீ என்ற சிறு நெம்புத் துண்டில் இருக்கும், அந்தக் கீயை ஒரு போல்ட் தாங்கும். சக்கரம் ஏறி இறங்கினால் கம்பி முறுகும், முறுக்கத்துக்கு எதிராகத் தள்ளும். போல்ட்டைத் திருப்பினால் உயரம் மாறும். ஆனால் கம்பியின் விறைப்பு மாறாது. விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமனும் நீளமும்தான். விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்காகப் பெருகும். பத்து சதவீதம் தடித்த கம்பி கிட்டத்தட்ட 46 சதவீதம் விறைப்பானது. ஆகவே, “போல்ட்டைத் தளர்த்தினால் வண்டி மெத்தென்று ஆகும்” என்பது பொய். தளர்த்தினால் வண்டி இறங்கும், ஆர்ம் பம்ப் ஸ்டாப்புக்கு (ஏற்றத்தின் முடிவில் தடுக்கும் ரப்பர்) பக்கத்தில் போய் உட்காரும், மேலே போக இடம் குறையும். பள்ளத்தில் விழும்போது கேட்கும் அந்தத் ‘தட்’ பம்ப் ரப்பரில் ஆர்ம் மோதும் சத்தம். ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

இது காற்றுக்கும் அப்படியே பொருந்தும். பலூன் உங்களுக்கு உயரத்தையும் தாங்கும் பலத்தையும் மாற்றிக்கொள்ளும் வசதியைத் தரும். சக்கரம் ஏறி இறங்குவதற்கான இடத்தை அது தராது. அந்த இடத்தை நீங்கள்தான் வெட்டி, நகர்த்தி, உருவாக்கித் தர வேண்டும். கிட்டைக் காட்டி வேலை கேட்டபோது எங்கள் ஃபேப்ரிகேட்டர் அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை: “தம்பி, பலூனுக்கு இடம் எங்க இருக்குன்னு காட்டு. அப்புறம் வெல்டிங் பத்திப் பேசலாம்.” இறக்கிய வண்டிக்குக் கிட் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கடைக்குப் போகுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது.

கிட்டுக்கு வருகிறேன். இரட்டை மடிப்பு வைத்த ரப்பர் பலூன் இரண்டு, மேல் கீழ் பிராக்கெட்டுகள், யூ-போல்ட், நைலான் ஏர் லைன், அழுத்திச் சொருகும் ஃபிட்டிங்குகள், டயரில் இருப்பதைப் போன்ற காற்று வால்வு இரண்டு. இந்த வகைப் பலூன்களுக்கு வழக்கமாகக் குறைந்தபட்சம் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), அதிகபட்சம் 100 பிஎஸ்ஐ என்று போட்டிருப்பார்கள். ஃபயர்ஸ்டோன், ஏர் லிஃப்ட் போன்ற நிறுவனங்களின் ஹெல்பர் கிட்டுகளும் இதே வரம்பில்தான் வருகின்றன. அந்த 5 பிஎஸ்ஐயைச் சும்மா எழுதி வைக்கவில்லை. காற்றே இல்லாமல் ஓட்டினால் ரப்பரின் மடிப்பு தன்னையே கவ்விக்கொண்டு உரசும், சீக்கிரம் கிழியும்.

பலூன்களின் தரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ரப்பர் தடிப்பு, நடுவில் இருக்கும் உலோக வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறது, இரு முனைத் தட்டுகளின் மடிப்பில் எங்கும் பிசிறு இல்லை. பிராக்கெட்டுகள் விஷயம் வேறு. கம்பெனி உயரத்தில் நிற்கும் வண்டிக்காகத்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். கீழ் பிராக்கெட் பிளேட்டின் மேல் உட்கார வேண்டும், மேல் பிராக்கெட் பம்ப் ஸ்டாப் இருந்த ஓட்டையில் மாட்ட வேண்டும். ஃப்ளிப் செய்த வண்டியில் பிளேட் ஆக்சிலுக்குக் கீழே போய்விட்டது, பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவே விரல் நுழையும் இடம்தான். விற்றவரிடம் வாங்குமுன்பே வண்டி இறக்கியது என்று சொல்லியிருந்தேன். “எல்லா வண்டிக்கும் உட்காரும்” என்றார். உட்காரவில்லை. பெட்டிக்குள் வந்த செய்முறைத் தாளிலும் இறக்கிய வண்டி பற்றி ஒரு வரி கிடையாது. இந்தக் கிட்டுக்கு மதிப்பெண் குறைப்பதென்றால் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் குறைப்பேன்.

பிராக்கெட்டுகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அண்ணன் புதிதாகச் செய்தார். முதலில் சேசிஸில் சி-நாட்ச்: ஆக்சில் வந்து இடிக்கும் இடத்தில் சட்டத்தின் அடிப்பாகத்தை வளைவாக வெட்டி, அதற்கு ஈடாகத் தடித்த தகட்டு வளைவை உள்ளே வைத்துப் பற்றவைத்து, போல்ட்டும் போட்டார். ஆக்சிலுக்கு மேலே மூச்சுவிட இடம் கிடைத்தது. பிறகு சட்டங்களுக்கு உட்புறமாக இரண்டு நாட்சையும் இணைக்கும் கிராஸ்மெம்பர்; பலூனின் மேல்தட்டு அதில் உட்கார்ந்தது. கீழ்த்தட்டு ஆக்சில் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் பிராக்கெட்டில். ஆக்சிலில் நேரடியாகப் பற்றவைக்க அவர் ஒப்பவில்லை. குழாயில் ஒரு பக்கம் மட்டும் சூடு ஏறினால் அது வளையும், வளைந்தால் உள்ளே ஓடும் ஆக்சில் தண்டின் பேரிங்கும் சீலும் பாடுபடும். அதனால் யூ-போல்ட் பிடி.

உயரக் கணக்கை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். முழுக்க நசுங்கினால் இந்தப் பலூனின் உயரம் மூன்று அங்குலம். ஓடும் உயரத்தில் ஐந்தரை வேண்டும். அண்ணன் முதலில் பலூனை மாட்டவேயில்லை. மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு மரக்கட்டையை வெட்டி, தட்டுகளுக்கு நடுவே வைத்து, வண்டியின் எடையை மெல்ல ஜாக்கியிலிருந்து இறக்கினார். கட்டை இறுகுமுன்பே ஆக்சில் பம்ப் ரப்பரைத் தொட்டுவிட வேண்டும், தொட்டது. பிறகு எதிர்ப்பக்கம்: வண்டியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டு, ஷாக் அப்சார்பர் முழுக்க நீளும்போது தட்டுகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்று டேப் வைத்து அளந்தார். பலூன் நீளக்கூடிய அளவை விட அது குறைவாக இருந்தாக வேண்டும். வண்டி கீழே போகும்போது பம்ப் ரப்பர் முதலில் தடுக்க வேண்டும், மேலே போகும்போது ஷாக் முதலில் பிடிக்க வேண்டும். பலூன் எந்தப் பக்கமும் கடைசி தடுப்பாக நிற்கக் கூடாது. உங்கள் மெக்கானிக் இந்த இரண்டையும் அளக்காமல் பலூனை மாட்ட ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

சுற்றளவையும் மறக்காதீர்கள். காற்று ஏறினால் பலூன் பக்கவாட்டில் உப்பும். கைவைத்துப் பார்த்தபோது காலியாகத் தெரிந்த இடம் 80 பிஎஸ்ஐயில் காலியாக இருக்காது. பிரேக் பைப், ஷாக் மவுண்ட், பிளேட்டின் விளிம்பு எதிலும் படாமல் சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டிருக்கிறோம். எக்ஸாஸ்ட் பைப் இடது பலூனுக்கு அருகே போனதால் நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு.

வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் டார்ஷன் பார் வைத்த வண்டியில் இது முக்கியம். பற்றவைக்கும்போது தெறிக்கும் பொறி பாரின் மேல் பட்டு ஒரு சிறு புள்ளி விழுந்தாலும், நாளெல்லாம் முறுகிக்கொண்டே இருக்கும் அந்தக் கம்பியில் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். பின்பக்க வேலைதானே என்று அலட்சியமாக இல்லாமல், பாரின் பின்முனை, கீ, பிரேக் பைப், டீசல் பைப் எல்லாவற்றின் மீதும் அண்ணன் ஈரச் சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் ஆரம்பித்தார். பேட்டரி கேபிளைக் கழற்றியதும் அவரேதான். இப்படிப்பட்ட ஒருவர் கையில் வேலை கொடுத்தால் காசு போனது தெரியாது.

காற்று வேலை எளிது. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். நைலான் டியூபை பிளேடால் அறுக்காமல், அதற்கென்று இருக்கும் கட்டரில் நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் ஃபிட்டிங்கின் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கில் முழு வட்டமும் உட்காராது, மெல்லக் கசியும். கிட்டோடு வந்த டியூபின் ஒரு முனையே அப்படிச் சாய்வாகத்தான் இருந்தது; சோப்புத் தண்ணீர் ஊற்றியதும் அந்த ஃபிட்டிங்கில் நுரை பூத்தது. அரை அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி சொருகியதும் சரியானது. இடது பலூனுக்கும் வலது பலூனுக்கும் தனித்தனி லைன் வைத்தேன். இரண்டையும் ஒரு டி-ஃபிட்டிங்கில் சேர்த்தால் வளைவில் திரும்பும்போது அழுந்தும் பக்கத்துக் காற்று அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். சில கிட்டுகள் இன்றும் ஒரே வால்வு, டி-ஃபிட்டிங் என்றுதான் வருகின்றன. வாங்கும்போதே தனித்தனியாகக் கேளுங்கள்.

கம்ப்ரஸர் கட்டாயமா? இல்லை. டயர் வால்வு வழியாகச் சாதாரண இன்ஃப்ளேட்டரில் ஏற்றலாம். பலூனின் கொள்ளளவு மிகக் குறைவு, சில நொடிகளில் ஏறிவிடும். அதே காரணத்தால்தான் டயர் கேஜை வைத்து அளக்கும் ஒவ்வொரு முறையும் ‘புஸ்’ என்று போகும் அந்தச் சிறு காற்றிலேயே பல பிஎஸ்ஐ இறங்கிவிடும். டயரில் அது தெரியாது, இங்கே தெரியும். எனவே ஆரம்பத்தில் வால்வு மட்டும் போட்டாலும், லைனில் நிரந்தரமாக இரண்டு முள் வைத்த கேஜ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். வாரத்தில் பல முறை சுமை ஏற்றி இறக்குவதால் நான் 12 வோல்ட் கம்ப்ரஸரும் சிறு டேங்கும் வைத்தேன். அதற்கு ரிலே வேண்டும், பேட்டரிக்கு மிக அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். ஸ்விட்சின் மெல்லிய ஒயர் வழியாக அவ்வளவு கரன்ட்டை இழுத்தால் டாஷ்போர்டு உருகும். கம்ப்ரஸரைச் சேசிஸில் ரப்பர் புஷ் இல்லாமல் போல்ட் அடித்தால் கேபின் முழுக்க அதன் சத்தம்தான்.

இப்போது ஓட்டம். காலியாகப் போகும்போது பலூன்களில் 8 பிஎஸ்ஐ வைக்கிறேன். அந்த அளவில் பலூன் இருப்பதே தெரியாது, வேலையை பிளேட் செட்தான் செய்கிறது. நாட்ச் கொடுத்த இடம் வேறு இருப்பதால் முன்பு இடித்த பள்ளங்களை இப்போது விழுங்கிக்கொண்டு போகிறது. பெரிய வித்தியாசம் சுமையில். மோட்டார் சைக்கிளும் டூல் பெட்டியும் ஏறியதும் 35 முதல் 40 வரை ஏற்றுகிறேன். பின்பக்கம் எழுந்து நிற்கிறது, ஸ்டீயரிங் மிதப்பது நின்றது. இரவில் எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டைக் குறைக்கச் சொல்லி லைட் அடிப்பதும் நின்றது. சுமை ஒரு பக்கம் அதிகம் என்றால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் கூட்டிச் சமன் செய்ய முடிகிறது. வெறும் பிளேட்டை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. பலூன் தாங்கும் பலம், அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் வருவது. பயன்படும் பரப்பு 25 சதுர அங்குலம் என்றால் 40 பிஎஸ்ஐயில் ஒரு பலூன் 1,000 பவுண்டு, ஏறக்குறைய 450 கிலோ தாங்கும். பத்து பிஎஸ்ஐயில் அது 113 கிலோ. அழுத்தம் கூடக்கூடப் பலூன் விறைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: சுமையில்லாமல் 50 பிஎஸ்ஐ வைத்து ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், ஈரச் சாலையில் பிடி விடும். சுமையை இறக்கியதும் காற்றையும் இறக்குங்கள். இன்னொன்று: பலூன் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட சுமை ஒரு கிலோகூட உயராது. ஆக்சில், வீல் பேரிங், டயர், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதான். நிமிர்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்து இன்னும் ஏற்றலாம் என்று தோன்றும். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

பலரும் கவனிக்காத ஓர் உறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பல பழைய பிக்கப்புகளில் பின் ஆக்சிலுக்கு மேலே, சேசிஸில் ஒரு பிரேக் வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்சிலுக்குப் போகும். சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடைவெளி குறைந்தால், “சுமை ஏறியிருக்கிறது” என்று எடுத்துக்கொண்டு அது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். இடைவெளி கூடினால் குறைக்கும். வண்டியை இறக்கினாலே இந்த வால்வு ஏமாந்துவிடுகிறது. காலி வண்டியையும் சுமை வண்டியாக நினைக்கும், மழையில் சடாரென்று பிரேக் அடித்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். பலூன் போட்டால் நேர்மாறாக ஏமாறும். சுமை ஏற்றிவிட்டுக் காற்றால் பின்பக்கத்தைத் தூக்கினால், வண்டி காலி என்று எண்ணிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வேலை முழுவதும் முன் பிரேக் மீது விழும். நாங்கள் செய்தது இது: புதிய ஓடும் உயரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பியின் பிடியை மாற்றி அமைத்தோம். அதன் பிறகு சுமை ஏற்றினால் பின்பக்கத்தை முழுச் சமத்துக்குத் தூக்குவதில்லை. காலி உயரத்தை விட ஓர் அங்குலம் தாழ்வாகவே விடுகிறேன். அந்த ஓர் அங்குலத்தில் வால்வுக்குச் சுமை தெரிகிறது. பல புதிய வண்டிகளில் இந்த வேலையை ஏபிஎஸ்ஸோடு சேர்ந்த மின்னணு அமைப்பு செய்துவிடும். பழைய வண்டி என்றால், பலூன் வேலை முடிந்த அன்றே பிரேக் தெரிந்தவரிடம் காட்டாமல் சாலைக்கு எடுக்காதீர்கள்.

முன்பக்கத்துக்கு வருகிறேன். நண்பர் தன் வண்டியில் டார்ஷன் பார், கீ, போல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கீழ் ஆர்மில் தட்டு வைத்து, சேசிஸில் மேல் கிண்ணம் பற்றவைத்துப் பலூன் உட்கார வைத்திருக்கிறார். ஷாக்கின் இடத்தைப் பலூன் பிடித்துக்கொண்டதால் ஷாக் மவுண்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்த்தால், உண்மையைச் சொல்கிறேன், மிக அருமை. என் வண்டியின் முன்பக்கத்தை விட மென்மை, நிறுத்தும்போது தரையோடு உட்காரும் அழகு. அதன் பின்னால் இருக்கும் கணக்கு மட்டும் கடுமையானது. ஆர்மின் நடுவில் பலூன் உட்கார்ந்தால், சக்கரத்தில் 350 கிலோ எடை இருக்கும்போது பலூன் 700 கிலோ தாங்க வேண்டும். அதே 25 சதுர அங்குலப் பரப்பில் நின்று ஓடவே 60 பிஎஸ்ஐக்கு மேல் தேவை. விறைப்போ சக்கரத்தில் நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த மென்மை அங்கிருந்துதான் வருகிறது. நல்ல ஷாக் இல்லாவிட்டால் அதே மென்மை வண்டியைப் படகாக ஆட்டிவிடும்.

உயரத்தை மாற்ற மாற்ற முன்சக்கரத்தின் கேம்பரும் (உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (இடம் வலம் திரும்பி நிற்கும் கோணம்) மாறும். அதனால் ஓட்டும் உயரம் ஒன்றை முடிவு செய்து, அந்த உயரத்தில் வைத்து அலைன்மென்ட் செய்து, அந்த உயரத்திலேயே எப்போதும் ஓட்ட வேண்டும். நண்பர் ஃபெண்டர் விளிம்பிலிருந்து சக்கர மையம் வரை அளந்து, அந்த உயரத்துக்கான அழுத்தத்தைக் கேஜில் பெயிண்டால் குறித்து வைத்திருக்கிறார். உயரத்தை அடிக்கடி மாற்றி ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் மொட்டையாகும்.

பாரை அப்படியே வைத்துக்கொண்டு கூடவே பலூனும் சேர்த்தால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். பார் இருக்கும்வரை வண்டி முழுக்க இறங்காது, அது தாங்கிக்கொண்டே இருக்கும். இறங்கட்டும் என்று பாரைத் தளர்த்தி வைத்தால், பலூன் வண்டியைத் தூக்கும்போது பாரில் முறுக்கமே இல்லாமல் போய், கீ தன் போல்ட்டின் மேல் அழுத்தம் இன்றி ஆடும், இடம் மாறி விழவும் செய்யும். இரண்டு பக்கமும் நஷ்டம். என் முன்பக்கத்தில் பாரை விட்டு வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: பின்பலூன் கிழிந்தால் பிளேட் இருக்கிறது, வண்டி தாழ்ந்தாலும் வீடு வந்து சேரும். முன்பக்கம் முழுக்கக் காற்று என்றால் லைன் அறுந்த அந்த நொடியில் அந்த மூலை பம்ப் ரப்பரில்தான் உட்காரும். அப்போதும் சேசிஸ் தரையில் உரசாதபடி தடுப்புகளின் உயரம் அமைந்திருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்யக்கூடிய கை கிடைத்தால், அதற்கான செலவும் பொறுமையும் இருந்தால், முன்பலூனைத் தடுக்க மாட்டேன்.

பாரைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கீயின் போல்ட்டைச் சும்மா முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். வண்டியின் ஒரு மூலையைத் தாங்கும் முறுக்கம் அதில் அடைபட்டிருக்கிறது. கீயைத் தாங்கிப் பிடித்து மெல்ல விடுவிக்க அதற்கென்றே புல்லர் என்ற கருவி உண்டு. சாதாரண சி-கிளாம்ப் வழுக்கினால் கை போகும். இடது பார், வலது பார் என்று முனையில் குறி இருக்கும், மாற்றிப் போடக் கூடாது. தொழிற்சாலையிலேயே ஒவ்வொன்றையும் ஒரு திசையில் முறுக்கிப் பழக்கியிருப்பார்கள். எதிர்த்திசையில் வேலை வாங்கினால் தொய்ந்துபோகும், உடையவும் கூடும்.

இறக்கிய வண்டிக்கு நீள ஷாக் வைத்து ஓட்டுபவர்கள் கிட்டுக்கு முன்னால் ஷாக்கை மாற்றுங்கள். இருக்கும் பணத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் குட்டை ஷாக்கும் நல்ல பம்ப் ரப்பரும் வாங்குங்கள், பலூன் அடுத்த முறை. எப்போதாவது மட்டும் சுமை ஏற்றுபவருக்கு வால்வோடு கூடிய சாதாரணக் கிட் போதும். கம்ப்ரஸர், டேங்க், ரிமோட் எல்லாம் தேவையில்லை. கம்பெனி உயரத்தில் இருக்கும் வண்டிக்கு இந்தக் கிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பிராக்கெட்டும் அப்படியே உட்காரும். இறக்கிய வண்டிக்குப் பலூன்களை மட்டும் தனியாக வாங்கி, பிராக்கெட் காசை ஃபேப்ரிகேட்டரிடம் கொடுப்பதே மேல்.

பராமரிப்பு அதிகமில்லை. காலையில் கேஜ் பார்ப்பேன். குளிர்ந்த இரவுக்குப் பின் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ இறங்கியிருந்தால் அது வெப்பநிலை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறங்கியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தால் கசிவு, சோப்புத் தண்ணீரை எடுக்க வேண்டியதுதான். வண்டி கழுவும்போது பலூனின் மடிப்புகளில் சிக்கிய கல், சேற்றைத் தண்ணீர் பீய்ச்சி எடுத்துவிடுகிறேன். மணல் உள்ளே இருந்து அரைத்தால் ரப்பர் தாங்காது. டேங்கின் அடிவால்வை அவ்வப்போது திறந்து விடுகிறேன். மழைக்காலத்தில் அதிலிருந்து தண்ணீர் வரும். அது உள்ளேயே தங்கினால் வால்வுகளுக்குப் போய்விடும்.